வீட்டில் சும்மா இருப்பவரின் பசியாறல்

அந்தத் தாளை அத்தை ரப்பர் பாலால்தான் ஒட்டினார். எங்கள் லயத்து வீட்டில் குசினிச் சுவர் வெறும் பலகை. ஆணி அடித்தால் பக்கத்து வீட்டுச் சாமி படம் கீழே விழும். அதனால் வேலைக்காட்டிலிருந்து ஒரு தகர டின்னின் அடியில் கொஞ்சம் பால் கொண்டுவந்து, நான்கு மூலையிலும் விரலால் தடவி, அடுப்புக்கு எதிர்ச் சுவரில் என் கண் உயரத்துக்கு அழுத்தி ஒட்டினார். தம் கண் உயரத்துக்கு அல்ல. அவருக்குப் படிக்கத் தெரியாது. படிக்க வேண்டியவள் நான். ஆஸ்பத்திரியில் கொடுத்த மலாய்த் தாள் அது. மேலே கொட்டை எழுத்தில் ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு கலோரி என்று இருக்கும். கீழே காலை, மதியம், இரவு என்று மூன்று கட்டங்கள். காலைக் கட்டத்தில் இருந்ததை இன்றைக்கு எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்: ரொட்டி ஒரு துண்டு, வெண்ணெய் தடவாமல், அவித்த முட்டை ஒன்று, சீனி போடாத தேநீர், பப்பாளி ஒரு கீற்று.

இப்போது ராவாங்கில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலை அலுவலகத்தில் காலை எட்டரை மணிக்கு இதே பேச்சுத்தான். கண்ணாடிப் புட்டியில் ஊறவைத்த ஓட்ஸ், அதன்மேல் நான்கு விதை, கைப்பேசியில் கலோரிக் கணக்கு. நான் ஒல்லியாக இருப்பதால் எனக்கு ஏதோ ரகசியம் தெரியும் என்று நினைத்துக்கொண்டு சின்னப் பெண்கள் வந்து கேட்கிறார்கள். "அக்கா, பசிக்காம இருக்கணும், வெயிட்டும் ஏறக்கூடாது, காலையிலே என்ன சாப்பிடலாம் லா?" எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்ப்பேன். திமிர் பிடித்தவள் என்று ஒரு பெயர் இருக்கிறது. இருக்கட்டும். பசிக்காமல் இருக்க என்ன சாப்பிடலாம் என்று எனக்கு நன்றாகவே தெரியும். அதைத் தெரிந்துகொண்ட கதையைத்தான் யாரிடமும் சொன்னதில்லை.

அத்தை என் அப்பாவின் அக்கா. நான் நடை பழகும் முன்பே அம்மா போய்விட்டார். புருசனை இழந்து, பிள்ளையும் இல்லாமல் இருந்த அத்தை அடுத்த தோட்டத்திலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு வந்து சேர்ந்தார், அதன்பிறகு போகவில்லை. கோல சிலாங்கூர் பட்டணத்திலிருந்து உள்ளே தள்ளியிருந்த தோட்டம் எங்களுடையது. அப்பா பால் லோரி ஓட்டினார். அத்தை மரம் வெட்டினார். ரப்பர் மரத்தில் பட்டை சீவிப் பால் எடுப்பதை எங்கள் பக்கம் மரம் வெட்டுவது என்றுதான் சொல்வோம். அத்தைக்குத் தாட்டிக்கமான உடம்பு. அந்த உடம்பை வைத்துக்கொண்டு அவர் மரத்தைச் சுற்றி வரும் வேகத்தைப் பார்த்து, வேலையை மேற்பார்க்கும் மண்டோரே மற்றவர்களைத் திட்டுவார்.

விடியுமுன் ஐந்து மணிக்கு ஒரு குவளை கறுப்புக் கோப்பியோடு கிளம்பினால், பத்து மணிக்குத்தான் பசியாறல். மரங்களை வெட்டி முடித்து, மரத்தில் மாட்டிய மங்குகளில் பால் நிறையும்வரை காத்திருக்கும் நேரம் அது. பள்ளி விடுமுறைகளில் நானும் போவேன். அத்தை மரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்து டிபன் கேரியரைத் திறப்பார். தடிமனான கோதுமை ரொட்டி இரண்டு, நெத்திலிச் சம்பல், மிச்சம் இருந்தால் இரவுச் சோறு, போத்தலில் கெட்டிப் பால் ஊற்றிய கோப்பி. அவர் சாப்பிடுவதைப் பார்த்தால் சாப்பிட்டு முடித்தவனுக்கும் பசிக்கும். பேசமாட்டார், அவசரப்படமாட்டார். கடைசித் துண்டு ரொட்டியால் சம்பல் கிண்ணத்தைச் சுற்றித் துடைத்து வாயில் போட்டுவிட்டு, "இனி எவன் வந்தாலும் வரட்டும்" என்று எழுந்து நிற்பார்.

நான் நான்காம் படிவம் படித்த ஆண்டு அவருக்குத் தலைசுற்றல் வந்தது. தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரசர் பார்த்துவிட்டு, ரத்த அழுத்தம் என்றார், ரத்தத்தில் சீனி என்றார், கோல சிலாங்கூருக்குப் போ என்றார். ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். பள்ளியிலிருந்து நேரே வந்ததால் சீருடையில் இருந்தேன். டாக்டர் அத்தையின் எடையைப் பார்த்தார். எண்பத்தாறு. சீனி இப்போதுதான் எட்டிப் பார்க்கிறது, எடையைக் குறைத்தால் மாத்திரை இல்லாமலே சமாளிக்கலாம், குறைக்காவிட்டால் கண்ணும் காலும் போகும் என்றார். அத்தை பயந்துபோனார். கண்ணும் காலும் இல்லாமல் மரம் வெட்ட முடியாது; மரம் வெட்டாவிட்டால், பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் ஆறாம் படிவத்துக்கு நான் போக முடியாது. நான் அந்தத் தோட்டத்தை விட்டு வெளியேற வேண்டும் என்பது அவருடைய ஒரே வெறி. உணவு ஆலோசனைக்குப் பக்கத்து மேசைக்குப் போகச் சொன்னார்கள்.

அந்த மேசையில் தாதி உடுப்பில் ஒரு மலாய்க்கார மிஸ்ஸி இருந்தார். நல்ல பெண்மணி, அவரைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. அவர் முன்னால் மூன்று அடுக்குத் தாள்கள் இருந்தன. வயது கேட்டார், எடை கேட்டார், எழுதிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "கெர்ஜா அப்பா?" என்றார். என்ன வேலை செய்கிறார் என்ற சாதாரணக் கேள்விதான்.

எனக்குப் பின்னால், வரிசையில், என் வகுப்புப் பெண் ஒருத்தி தன் அம்மாவோடு நின்றிருந்தாள். அவள் அப்பாவுக்கு மாவட்ட அலுவலகத்தில் வேலை. தோட்டத்துப் பிள்ளைகள் பேருந்தில் ஏறும்போது மூக்கைச் சுளித்து, "பாவு கெத்தா" என்று சொல்லிச் சிரிக்கும் கூட்டத்தில் அவளும் ஒருத்தி. ரப்பர் வாடையாம். அந்த வாடைக்குப் பயந்து என் சீருடையை அத்தையின் துணிகளோடு சேர்க்காமல் தனியாகத் துவைத்து, குசினிக்கு வெளியே உலர்த்துவேன். அவளிடம் என் வீட்டைப் பற்றி நான் எதுவுமே சொன்னதில்லை. அவள் காது என் முதுகில் ஒட்டிக்கொண்டிருப்பது போல எனக்குத் தோன்றியது.

"சூரி ரூமா" என்றேன். இல்லத்தரசி. வீட்டில்தான் இருக்கிறார்.

மிஸ்ஸி முதல் அடுக்கிலிருந்து ஒரு தாளை எடுத்தார். ஒவ்வொரு வரியாக விரல் வைத்து விளக்கினார். வீட்டிலேயே இருப்பவருக்கு இது போதும், சாயங்காலத்தில் அரை மணி நேரம் நடந்தால் இன்னும் நல்லது என்றார். ஐந்து மணி நேரம் நடந்துவிட்டு வந்த பெண்ணிடம்! அத்தை சிரித்த முகத்தோடு தலையாட்டினார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை என்று நினைத்தேன். அவருடைய மலாய் மீன்காரனிடம் பேரம் பேசுகிற மலாய், இதெல்லாம் எட்டாது என்று நினைத்தேன். வகுப்புப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். எனக்கு அன்று அவ்வளவு நிம்மதி.

நம்பினால் நம்புங்கள், வீட்டுக்கு வந்தபோது நான் சொன்ன பொய்யே எனக்கு மறந்துவிட்டது. தாள் சுவரில் ஏறியதும் நான் போலீஸ்காரியாகிவிட்டேன். மோட்டார் சைக்கிளில் வரும் ரொட்டிக்காரரிடம் வாங்கிய ரொட்டியில் ஒரே ஒரு துண்டு, ஒரு முட்டை. பப்பாளியைக் கீறும்போது கத்தி கொஞ்சம் சாய்ந்தால்கூடச் சரிசெய்வேன். ஒரு வாரம் அத்தை அதைத்தான் கொண்டுபோனார். பத்து மணிக்குச் சாப்பிட்டு பத்தேகாலுக்குப் பசிக்கிறது என்றார். "சின்ன மிஸ்ஸி, இதுக்குப் பதிலா வேற ஏதாச்சும் இருக்கான்னு அந்தத் தாளக் கேட்டுச் சொல்லேன்" என்பார். என்னைக் கேலி செய்வதாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

ஆனாலும் தேடினேன். பள்ளி இல்லப் பொருளியல் பாடநூலின் பின்பக்கத்தில் உணவுப் பட்டியல் ஒன்று இருந்தது. எதில் எத்தனை கலோரி என்று. அதை வைத்துக்கொண்டு அத்தையும் நானும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். டின்னில் வரும் ஓட்ஸைக் காய்ச்சினோம். சுவரொட்டி ஒட்டும் பசை மாதிரி இருக்கிறது என்று ஒரு வாய் வைத்துவிட்டுக் கோழிக்குக் கொட்டினார். கேழ்வரகுக் கூழ் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மரத்தடியில் குடித்து முடித்ததும் ஒதுங்க இடம் தேட வேண்டியிருந்தது. அவித்த கடலை வயிற்றைப் பிடித்தது, கூடவே வாயுவும் பிடித்தது. எண்ணெய் இல்லாத தோசை ஆறியதும் மாட்டுத் தோலாகிவிட்டது. மரவள்ளி பாடநூல்படி கூடவே கூடாது. ஜெராமிலிருந்து வரும் மீன்காரரிடம் சின்ன மீன் வாங்கி, எண்ணெய் காட்டாமல் சுட்டு, வெள்ளரிக்காயோடு கொடுத்தனுப்பினேன். முள் பார்த்துத் தின்பதற்குள் மண்டோர் கூப்பிட்டுவிடுகிறார் என்றார்.

ஒரு மாதம் போனபின் அத்தையே கண்டுபிடித்தார். சனிக்கிழமைகளில் சைக்கிளில் வரும் சீனக் கிழவரிடம் தவ்ஹூ என்கிற சோயாக் கட்டி வாங்கினார். அதைக் கையால் உதிர்த்து, ஒரு சொட்டு எண்ணெயில் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை போட்டுத் தண்ணீர் வற்றும்வரை கிளறி, ஒரு முட்டையை உடைத்து ஊற்றி, கடைசியில் ஒரு கட்டுக் கங்கோங் கீரையை நறுக்கிப் போட்டு மூடிவைத்தார். கேரியரின் பெரிய கிண்ணம் நிறைய வந்தது. அன்று மதியம் வேலை முடிந்து வந்த முகத்தை இன்னும் மறக்க முடியவில்லை. "நின்னுச்சி பாப்பா! வயித்துல அப்படியே நின்னுச்சி. பால் தூக்கறப்ப கூட ஒண்ணும் தெரியல" என்று வாசலிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தார். எடையும் ஏறாது, பசியும் நிற்கும். அலுவலகத்துப் பெண்கள் கேட்கிற பதில் அதுதான். அத்தை அதை ஒரு தகரக் கொட்டகைக் குசினியில் கண்டுபிடித்தார்.

நான் பாடநூலை எடுத்து உட்கார்ந்தேன். கூட்டிப் பார்த்தால் தாளின் காலைக் கட்டத்தில் இருந்ததைவிட அதிகம் வந்தது. இரண்டு முறை கூட்டினேன். மறுநாள் அத்தை அதே போலக் கிளறி வைத்திருந்ததை, அவர் கோப்பி குடித்துக்கொண்டிருக்கும்போதே, கரண்டியால் நடுவில் கோடு கிழித்துப் பாதியை வேறு கிண்ணத்துக்கு மாற்றினேன். "கூடிப் போச்சு அத்தே. இதுதான் உங்களுக்கு" என்றேன். அத்தை கிண்ணத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கேரியரை மூடினார். மீதிப் பாதியை நான் பள்ளிக்குப் போகும் முன் தின்றேன். ருசியாக இருந்தது.

எடை மளமளவென்று இறங்கியது. லயத்தில் எல்லோரும் பாராட்டினார்கள். "ஒன் மருமவ இல்லாட்டி நீ எங்க எளைக்கப் போற" என்று அத்தையிடம் சொன்னார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அத்தையின் கை நடுங்க ஆரம்பித்திருந்ததை நான் பார்த்தேன், வயது என்று விட்டுவிட்டேன். மரம் வெட்டும் உளி பட்டையோடு நிற்க வேண்டும். ஒரு நூல் ஆழமாக இறங்கினால் மரத்துக்குக் காயம். காயம் பட்ட இடத்தில் முண்டு விழுந்து அடுத்த முறை வெட்ட வராது. இருபது வருடமாகக் காயமே வைக்காத அத்தையின் மரங்களில் காயம் விழுந்தது. மண்டோர் மற்றவர்கள் முன்னால் கூப்பிட்டு, "என்னாம்மா இது, கண்ணு தெரியலன்னா சொல்லிட்டு வீட்ல இரு, எதுக்கு மரத்தக் குத்திக் கொதறி வச்சிருக்க?" என்று கேட்டாராம். பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அத்தை என்னிடம் அதைச் சொல்லவே இல்லை. ஒரே ஒரு முறை, "அந்தத் தவ்ஹூவ முழுசா வெச்சிக் குடேன் பாப்பா, ராத்திரிக்கு வேண்டாம்" என்று கேட்டார். தாளில் அப்படி மாற்றிக்கொள்ளலாம் என்று எழுதவில்லை என்றேன். என் வாயை அன்று யாராவது தைத்திருக்கலாம்.

அதற்கு அடுத்த வாரம், இரண்டு வாளிப் பாலோடு தண்ணீர் ஓடும் கானைத் தாண்டும்போது அத்தை விழுந்தார். கண் இருட்டிக்கொண்டு வந்ததாம். வலது மணிக்கட்டு அவர் உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டது. இரண்டு வாளியும் அவர்மேல் கவிழ்ந்தன. அப்பாவின் லோரியிலேயே தூக்கிப்போட்டுக்கொண்டு, வழியில் பள்ளி வாசலில் நிறுத்தி என்னையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். பள்ளிக்கூடமே வேடிக்கை பார்த்தது. பால் அத்தையின் முடியிலும் புருவத்திலும் உறைந்து ரப்பராகியிருந்தது. ஆஸ்பத்திரியில் கத்திரிக்கோல் கொடுத்தார்கள். இடுப்புவரை இருந்த முடியை நான்தான் வெட்டினேன். கழுத்தோடு, கொத்துக் கொத்தாக. அத்தை வலியில் முனகிக்கொண்டிருந்தாரே தவிர, முடியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் அதே மிஸ்ஸி படுக்கைக்கு வந்தார். அட்டையைப் புரட்டினார். இரண்டு மாதத்தில் பதினாறு கிலோ இறங்கியிருக்கிறது. ரத்தம் குறைந்திருக்கிறது. மிஸ்ஸிக்குப் புரியவில்லை. மூலையில் கிடந்த, பால் காய்ந்து விறைத்துப்போன சட்டையைப் பார்த்தார். முதல் நாளிலிருந்து மாற்றாத என் சீருடையைப் பார்த்தார். "கெர்ஜா அப்பா?" என்று என்னிடம்தான் கேட்டார். நான் அத்தையின் போர்வையை இழுத்துவிட்டேன்.

"சாயா போத்தோங் கெத்தா, மிஸ்ஸி" என்றார் அத்தை. நான் ரப்பர் மரம் வெட்டுகிறவள். இருபது வருடமாக என்றும் சொன்னார், தெளிவான மலாயில். பிறகு என் பக்கம் பார்க்காமலே, பிள்ளைக்கு அன்றைக்குச் சொல்லத் தெரியவில்லை, சின்னப் பிள்ளை, கோபித்துக்கொள்ளாதீர்கள் என்றார்.

மிஸ்ஸி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். போய் மூன்றாவது அடுக்கிலிருந்து ஒரு தாளைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். அதே மூன்று கட்டங்கள், அதே கொட்டை எழுத்து; மேலே கடின உழைப்பாளிகளுக்கு என்று இருந்தது. காலைக் கட்டத்தில் சோறு இருந்தது. முட்டை இரண்டு இருந்தது. ரொட்டி வேண்டுமானால் மூன்று துண்டு. தவ்ஹூவும் இருந்தது, நான் கொடுத்ததைப்போல இரண்டு மடங்கு. வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு முறை, இடைவேளையில் ஒரு முறை என்று பசியாறலே இரண்டாகப் பிரித்துப் போட்டிருந்தது. அந்தத் தாளுக்கும் எனக்கும் நடுவில் இருந்தது நான் சொன்ன இரண்டு சொல் மட்டும்தான்.

மணிக்கட்டு சேர்ந்தது, கோணலாகச் சேர்ந்தது. உளி பிடிக்க வராது என்று ஆயாக் கொட்டகைக்குப் பிள்ளை பார்க்க அனுப்பிவிட்டார்கள். சம்பளம் பாதி. நான் ஆறாம் படிவம் போகவில்லை. ராவாங் தொழிற்சாலையில் ஆள் எடுத்தார்கள், போனேன். அதற்காக நான் அழவில்லை, அது எனக்கு வேண்டியதுதான். கிளம்புவதற்கு முதல் நாள் அத்தையிடம் கேட்டேன். "மொதத் தடவையே உங்களுக்குப் புரிஞ்சிச்சில்ல? ஏன் அத்தே அப்பவே சொல்லல?"

"புரியாம என்ன? அந்தப் புள்ள பின்னால நின்னா. நீ சொல்லிப்புட்ட. இல்லன்னு நான் சொன்னா ஒம் மூஞ்சி என்னாவும்?" என்றார். என் துணிகளை மடித்துக்கொண்டே, "பசிதான லா, தாங்கிக்கலாம்னு நெனச்சேன்" என்றார்.

அத்தை அதை என்னிடம் கோபமாகச் சொல்லவில்லை. என்னை ஒருநாளும் வெறுத்ததும் இல்லை. மாதச் சம்பளத்தில் பழம், பலகாரம், கோழி என்று வாங்கிக்கொண்டு போவேன்; முகம் மலர வாங்கிக்கொள்வார். என்னை உட்காரவைத்துப் பரிமாறுவார். ஆனால் தாம் மட்டும் சாப்பிடமாட்டார். "நீ தின்னு பாப்பா, நான் அப்பறம் தின்னுக்கறேன்" என்பார். நான் பேருந்துக்குக் கிளம்பியபின் சாப்பிடுவார் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்வார். ஒரு தீபாவளிக்கு நான் விடாப்பிடியாகத் தட்டில் வைத்துக் கொடுத்தேன். இரண்டு வாய் வைத்தார். தட்டைக் கீழே வைத்துவிட்டு, "தப்பா எடுத்துக்காத. நீ பாத்துக்கிட்டிருந்தா எனக்கு எறங்க மாட்டேங்குது" என்றார். இருபத்து மூன்று ஆண்டு அப்படித்தான்.

கடைசியில் அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஆள் அடையாளம் பாதி தெரியும், பாதி தெரியாது. ஒருநாள் காலை ஏழரைக்குக் கஞ்சி வந்தது. நான் ஆறவைத்து, கரண்டியை அவர் உதட்டருகே கொண்டுபோனேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். வாயை இறுக மூடிக்கொண்டார். எத்தனையோ முறை கெஞ்சிப் பார்த்தேன். பக்கத்துப் படுக்கையைத் துடைத்துக்கொண்டிருந்த ஊழியப் பெண் வந்து, கொடுங்கள் நான் பார்க்கிறேன் என்று கிண்ணத்தை வாங்கினாள். நான் வெளியே நடைபாதையில் போய் நின்றேன். சற்று நேரத்தில் அவள் வெறும் கிண்ணத்தோடு வந்தாள். முழுவதும் சாப்பிட்டுவிட்டார், இன்னும் இருக்கிறதா என்று கேட்டார் என்றாள்.